இரண்டு பெண்கள், ஒரு காவல் நிலையம்

ஆரணியின் தறிக்காரத் தெருக்களில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போக அரை நாள் பிடிக்காது. இரு பெண்கள் சேர்ந்து வாழக் கிளம்பினால், "இதுல யாரு ஆம்பளை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முடியைக் குட்டையாக வெட்டிச் சட்டை போட்டவரைச் சுட்டி, "அவன்தான் பொண்ணைக் கெடுத்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

பெண்ணை விரும்பும் பெண் தன்பாலீர்ப்பாளர், அதாவது லெஸ்பியன். பிறப்பில் பெண் என்று பதியப்பட்டும் தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. யாரை விரும்புகிறோம் என்பதும், தன்னை யாராக உணர்கிறோம் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். உடையை வைத்து 'அவன்', 'அவள்' என்று முடிவு கட்டக் கூடாது. அவரையே கேட்கலாம், கேட்கும்வரை 'அவர்' என்றாலே போதும். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களை அரசிதழிலேயே வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் காவல் நிலையங்களில் பழைய ஏச்சே கேட்கிறது என்றால் அது அலட்சியம்தான்.

பக்கத்து மாவட்டத்துக் குடியாத்தத்தில் நடந்தது இது. 25 வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் வலுக்கட்டாயமாக அழைத்துப்போய், அடித்து, 'சரியாக்க' சடங்குகளும் செய்தார்கள். போலீஸ் உதவவில்லை. அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார். 2025 மே 22-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை விடுவித்து, போலீஸைக் கண்டித்து, பாதுகாப்புத் தரவும் உத்தரவிட்டார்கள்.

வீட்டில் ஆபத்து என்றால் முதல் வேலை காகிதம். வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகல் கையில் இருக்கட்டும். "எனக்கு வயது 18-க்கு மேல், சொந்த விருப்பத்தில் செல்கிறேன், யாரும் கடத்தவில்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, உள்ளூர் காவல் நிலையத்துக்கும் திருவண்ணாமலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். ரசீதைத் தொலைக்கக் கூடாது. பலர் வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது போதாது.

'காணவில்லை' புகார் வந்தாலும், மனமொத்த மேஜர்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டிருக்கிறார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு அது. 'சுஷ்மா வழக்கு' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்தும் காவலர் மீது எஸ்.பி.யிடம் புகார் தரலாம். காவல் நிலையத்தில் தந்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது.

அடைத்து வைத்துவிட்டால் துணைவியோ தோழியோ சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

திருநர் சான்று வாங்கி வரச் சொன்னால் அலைய வேண்டாம். அது திருநம்பி, திருநங்கையருக்கானது. தன்பாலீர்ப்புப் பெண்ணுக்குத் தேவையில்லை. மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: தேவையில்லை. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்னும் மருத்துவரிடமும் போகக் கூடாது. அந்தச் சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம்.

திருமணப் பதிவுக்குப் புரோக்கரிடம் பணம் தர வேண்டாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. ஆனால் வங்கியில் இருவரும் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவர் மற்றவரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கிளை மேலாளர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும்.