தண்டவாளத்துக்குள் ஒரு மல்யுத்தம்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வரும் தில்லி அன்பர்களே, பழைய 'தடக் தடக்' ஓசை எங்கே போயிற்று? 13 மீட்டர் தண்டவாளங்களுக்கு நடுவே, வெயிலில் நீள்வதற்காக விட்ட இடைவெளி எழுப்பிய ஓசை அது. இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் இரும்பு நீளாதா? 20 டிகிரி சூடேறினால் கிலோமீட்டருக்கு 24 சென்டிமீட்டர் நீள வேண்டும். ஸ்லீப்பரும் ஜல்லியும் விடுவதில்லை. முனைகள் மட்டும் சற்றே நகரும். தடுக்கப்பட்ட நீட்சி உள்ளே தகைவாகத் தங்கிவிடுகிறது. தண்டவாளத்தின் குறுக்குவெட்டு 77 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 480 கிலோ. மொத்தம் 37 டன்! ஒரு கிலோமீட்டரோ பத்தோ, கணக்கு மாறாது என்பதுதான் வேடிக்கை.

40 டிகிரியில் பதித்தது மே வெயிலில் 60-ஐத் தொட்டால் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். ஜனவரி இரவில் 5 டிகிரிக்கு இறங்கினாலோ 65 டன் இழுவிசை. பற்றவைப்பில் கீறல் இருந்தால் அங்கே விட்டுப்போகும். நாம் ரஜாய்க்குள் சுருண்டிருக்கையில் டார்ச்சுடன் அதைத் தேடி நடக்கிறார் கேங்மேன். விரிசல் கண்டால், வரும் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் வெடி வைப்பதும் அவரே.