பிசுபிசுக்கும் இலைக்கு விஷமா வைத்தியம்?

ஜன்னலோர ஜேடு செடியைத் தொட்டால் விரலில் பிசுக்கு. தொட்டிக்குக் கீழே டைல்ஸில் பளபளவென்று துளிகள். இரண்டொரு நாளில் எறும்பு வரிசை. ஜேடு, எச்சிவேரியா, கலாஞ்சோ, சோற்றுக்கற்றாழை என்று சக்குலண்ட் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே, “ஏதாவது மருந்து இருந்தா கொடுங்க” என்று செடி விற்கும் இடத்தில் போய் நிற்கிறோம். லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் ஏதோ ஒரு திரவம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இலையில் இருக்கும் பிசுக்கைவிட அந்த பாட்டில்தான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டும்.

முதலில் பூச்சியைத் தேடுங்கள்

பிசுக்கு பெரும்பாலும் சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கழிவு. செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம்; பூச்சி வளரத் தேவையான புரதச் சத்தோ மிகக் குறைவு. அந்தச் சத்துக்காக அளவுக்கு மீறிக் குடிக்கும் பூச்சி, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றுகிறது. அதில் கரும்பூசணம் படர்ந்தால் இலை கறுத்துப்போகும். வெளிச்சம் குறைந்து செடி சோர்ந்துவிடும்.

இலை தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. தண்டில் ஒட்டிய பழுப்புப் புடைப்பு நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. பூந்தண்டின் நுனியில் கூட்டமாக மொய்த்தால் அசுவினி. எந்தப் பூச்சியும் இல்லையென்றால், ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஏயோனியம் வகைகள் சிலவற்றின் இலை இயல்பிலேயே பிசுபிசுக்கும். ஸ்நேக் பிளான்ட் பூக்கும்போது பூந்தண்டில் இனிப்புத் துளி வடியும். இவற்றுக்கு வைத்தியமே தேவையில்லை.

வீட்டிலேயே இருக்கிறது மருந்து

பூச்சி கண்ட தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பூச்சியின் மேல் தொட்டு வைத்தால், அதன் மெழுகுப் போர்வை கரைந்துவிடும். இதை அடுப்புப் பக்கம் செய்யக் கூடாது. பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் வாடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எச்சிவேரியா இலைமேல் உள்ள சாம்பல் பூச்சு அழிந்தால் அந்த இலையில் அது பழையபடி வராது, அதைத் தேய்க்காதீர்கள்.

ஒரு தடவையோடு நிறுத்தினால் பயனில்லை. மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். வாரம் ஒரு முறை என்று ஒரு மாதம் தொடர வேண்டும். எறும்பையும் விடக் கூடாது. இனிப்புக்காக அது பொறிவண்டை விரட்டி மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கும். செடி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

வயல் மருந்து வரவேற்பறையில் எதற்கு?

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது, ஏக்கர் கணக்கில் அடிக்கத் தயாரித்த விஷம் குழந்தை தவழும் கூடத்துக்கு ஏன் வர வேண்டும்? பூச்சிக்கொல்லி டப்பாவில் வண்ண முக்கோணம் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்த படிகள் மஞ்சள், நீலம், பச்சை. பாட்டில் மாறியதும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. 2013-ல் பீகாரில் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். விஷம் உணவுப் பண்டத்தோடு கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்துவிடும். நம் வீட்டுச் சோற்றுக்கற்றாழையோ அழகுக்காக மட்டும் நிற்பதில்லை. அதன் சோற்றை முகத்தில் பூசுகிறோம், தலையில் தேய்க்கிறோம், மோரில் கலந்து குடிக்கிறோம். ரணகள்ளி இலையைச் சிறுநீரகக் கல்லுக்கு என்று மென்று தின்பவர்களும் உண்டு. போன மாதம் மாமியார் அடித்த மருந்து, இந்த மாதம் மோர் கலக்கும் மருமகளுக்குத் தெரிந்திருக்குமா?

பூச்சி முற்றிவிட்டால் ரசாயனம்தான் கைகொடுக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி வேறு பாடம் சொல்கிறது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் களைத்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. வயலிலேயே தோற்ற வழியை வரவேற்பறையில் ஏன் முயல வேண்டும்?

செடி கைமீறிப் போய்விட்டால் பூச்சியில்லாத இலை ஒன்றைக் கிள்ளி வைத்துக்கொண்டு, மீதியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஜேடும் எச்சிவேரியாவும் ஓர் இலையிலிருந்தே துளிர்க்கும். லேபிள் இல்லாத பாட்டிலை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால், அது எங்கே இருக்கிறது, யார் கைக்கு எட்டும் என்று இன்றைக்கே பாருங்கள்.