கரும்பலகையும் பறக்கும் கம்பளமும்

போர் விமானியின் பயிற்சியில் பறப்பது பாதி; இறங்கியபின் அதைப் பேசித் தீர்ப்பது மீதி. அமெரிக்கக் கடற்படை 1969இல் மிராமரில் 'டாப்கன்' பள்ளியைத் தொடங்கியபோது இந்தப் பேச்சு ஞாபகத்தையே நம்பியிருந்தது. யார் முதல்ல கரும்பலகைக்கு ஓடிச் சாக்பீஸைப் பிடிக்கிறாரோ அவரே ஜெயித்தவர் என்று விமானிகளிடையே ஒரு கேலி உண்டு. நிகழ்வு என்பது அதன் கதையாடலே என்று நம்மூர் அமைப்பியல்காரர்கள் பக்கம்பக்கமாக எழுதியதை இந்தக் கேலி ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

1970களில் இறக்கையில் பொருத்திய கருவிகள் விமானத்தின் இடத்தையும் வேகத்தையும் தரைக்கு அனுப்பின. 1983இல் 'டார்ப்பா' தொடங்கிய 'சிம்நெட்', பாவனை இயந்திரங்களை ஒரே வலையில் கோத்தது. அதன் வழிவந்த 'டிஐஎஸ்' 1993இல் தரமாக ஏற்கப்பட்டது. இனி எந்திரமே சாட்சி, வாதத்துக்கு இடமில்லை என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை.

வலையில் ஓடுவது படமல்ல, செய்தி. 'இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில், இந்த வேகத்தில்' என்று ஒவ்வொரு விமானமும் சொல்கிறது. ஓயாமல் சொன்னால் வலை தாங்காது. எனவே மற்ற கணினிகள் கடைசிச் செய்தியை வைத்து, இப்போ இங்கதான் இருப்பான் என்று ஊகித்து வரைகின்றன. மாலுமிகளின் பழைய 'டெட் ரெக்கனிங்'தான். ஊகம் குறித்த அளவுக்குமேல் பிசகினால் திருத்தம் வரும். இல்லாவிட்டால் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு செய்தி. இடையில் திரையில் தெரிவதெல்லாம் ஊகம். இன்னொரு விசித்திரம்: சுட்டவன் தரப்பிலிருந்து 'வெடித்தது' என்ற செய்தி போகிறது. சேதத்தைக் கணக்கிடுவது இலக்கின் கணினி. நான் செத்துட்டேன் என்று செத்தவனே அறிவிக்க வேண்டும்.

இச்செய்திகளைப் பதிந்துவைத்து, பயிற்சியை மீண்டும் ஓட்டுகிறார்கள். சிம்நெட்டில் இதற்கென 'பறக்கும் கம்பளம்' ஒன்று இருந்தது: யார் கண்ணிலும் படாமல் எவன் பின்னாலும் ஒட்டிக்கொண்டு போகலாம். ஃபூக்கோ எழுதிய சிறைக் கோபுரம் நின்ற இடத்தில் நின்றது. இது கூடவே பறக்கிறது. விமானிக்குக் கிடைத்தது ஒரு கோணம், விசாரணையோ எல்லாக் கோணத்திலிருந்தும். திருப்பத்தில் கண் இருண்டதற்கும் பயத்துக்கும் அந்தச் செய்தியில் கட்டமில்லை.

1991 பிப்ரவரி 26இல் ஈராக் பாலையில் '73 ஈஸ்டிங்' என்னுமிடத்தில் நடந்த டாங்கிச் சண்டையையும் பின்னர் இப்படியே மீட்டுக் கட்டினார்கள் — அமெரிக்க வீரர்களின் பேட்டிகள், மணலில் பதிந்த தடங்கள். வளைகுடாப் போர் நடக்கவேயில்லை என்று பூத்ரியார் அதே வருஷம் எழுதியதை இங்கே என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சியில் 'செத்தவன்' சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து, 'இல்லப்பா, நீ சுடறப்ப நான் திரும்பிட்டேன்' என்று சண்டை போடலாம். 73 ஈஸ்டிங்கில் செத்த ஈராக்கியனுக்கு அந்த நாற்காலி கிடையாது. அவனது கடைசி நகர்வை மற்றவர்கள்தான் எழுதினார்கள்.