ஹேக் போட்டேன்னு சொன்னாங்க!

 

முழு ஆண்டு லீவில் ஒரு நாள் சாயந்திரம். எங்க ஊரில் தண்ணி டேங்க் பக்கத்தில்தான் சிக்னல் நல்லா கிடைக்கும். அங்கே என் தம்பியும் தெருப் பசங்களும் ரூம் போட்டு நாலுக்கு நாலு சுடுற கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி செட்டில் ஒருத்தன் மாங்காய் லோடு ஏத்தப் போய்விட்டதால் ஆள் குறைந்தது. "அக்கா, நீ வாக்கா" என்று தம்பி கூப்பிட்டான். அம்மா போனை வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். முதல் ரவுண்டிலேயே இரண்டு பேரைத் தலையில் சுட்டுவிட்டேன். மூன்றாவது ஆள் சுவருக்குப் பின்னால் இருந்தான். அவன் வெளியே வருவான் என்று குறிபார்த்துக் காத்திருந்தேன், வந்தான், அடித்தேன்.

எதிர் செட் பசங்க எழுந்து நின்றுவிட்டார்கள். "இது ஹேக்குடா! பிள்ளைங்க இப்படி அடிக்க முடியாது!" என்றான் ஒருத்தன். என் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. "மறைச்சு வெச்சிருக்கும்" என்றார்கள். அடுத்த நாள் மளிகைக் கடைக்குப் போனால் "ஹேக்கர் வந்துட்டா டோய்" என்று ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. நான் போட்டேன் என்கிறார்களே அந்த ஹேக், அது உண்மையில் என்ன? சொன்னவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் ஹைடெக் லேபில் உட்கார்ந்து படித்தும், கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எட்டுப் பேர் எட்டு போனில் ஆடுகிறோம். குண்டு பட்டதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? கபடியில் "தொட்டேன்", "தொடலை" என்று சண்டை வந்தால் நடுவர் சொல்வதுதான் முடிவு. ஆன்லைன் கேமிலும் ஒரு நடுவர் உண்டு. அதன் பெயர் சர்வர். அது எங்கேயோ தூரத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். நம் போன் "நான் இங்கே நகர்ந்தேன், இந்தப் பக்கம் சுட்டேன்" என்று சர்வருக்குச் சொல்லும். சர்வர் "மற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்று நம் போனுக்குத் திருப்பிச் சொல்லும். இது ஒரு நொடிக்குப் பல தடவை நடக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக் என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டர் கேமில் ஒரு நொடிக்கு 64 தடவை சர்வர் கணக்குப் போடுமாம்!

இப்போது பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம கையில் ஒரு அட்டை இருக்கும், சொசைட்டியில் ஒரு நோட்டு இருக்கும். நம் அட்டையில் 4 லிட்டரை 14 லிட்டர் என்று நாமே திருத்தி எழுதலாம். பணம் கிடைக்குமா? கிடைக்காது. ஏனென்றால் சொசைட்டி நோட்டைப் பார்த்துத்தான் பணம். நம்ம பசங்க தேடித் தேடி அலைகிற "டைமண்ட் ஹேக்" இப்படிப்பட்டதுதான். டைமண்ட் எண்ணிக்கை சர்வர் நோட்டில் இருக்கிறது. போன் அதை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே "ஐடி, பாஸ்வேர்டு போடுங்க, 10,000 டைமண்ட் இலவசம்" என்று எவனாவது சொன்னால் அவனுக்கு வேண்டியது நம்ம ஐடிதான். திருடப் போனவன் வீட்டிலேயே திருட்டு!

அப்படியானால் எந்த ஹேக்குமே நடக்காதா? நடக்கும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

எதிரி எங்கே இருக்கிறான் என்பது சர்வருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவனைத் திரையில் வரைய வேண்டியது நம் போன். அதனால் அவன் இருக்கிற இடத்தை சர்வர் நம் போனுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சுவருக்குப் பின்னால் இருந்தாலும் பல கேம்களில் சொல்லிவிடும், ஏனென்றால் அடுத்த நொடியே அவன் வெளியே வரலாம். போனுக்குத் தெரியும், நமக்குக் காட்டாது. போனின் நினைவகத்தில் இருக்கிற அந்த ரகசியத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துத் திரையில் கோடு போட்டுக் காட்டுகிற புரோகிராம்தான் வால் ஹேக். கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிவிட்ட துணியின் அடி இடுக்கால் பார்ப்போமே, அதேதான். (யாரும் பார்த்ததே இல்லை என்று சொல்லாதீர்கள்!)

பொதுத்தேர்வு வினாத்தாள் எப்படி வருகிறது? சீல் வைத்த கட்டாக வந்து, தேர்வு நேரத்தில்தான் பிரிக்கிறார்கள். முதல் நாளே நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு "பிரிக்காதே, பத்து மணிக்குப் பார்" என்று சொன்னால் என்ன ஆகும்? பல கேம்களில் அதுதான் நடக்கிறது. 2020-இல் வந்த வாலரன்ட் என்ற கேமில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். எதிரி நம் கண்ணுக்குத் தெரியப் போகிற தருணம் வரை அவன் இடத்தை நம் கம்ப்யூட்டருக்கே அனுப்புவதில்லை. நல்ல யோசனைதானே? எல்லாரும் ஏன் செய்யவில்லை என்று சாரைக் கேட்டேன். "யார் யாரைப் பார்க்க முடியும்னு ஒவ்வொரு கணமும் சர்வர் கணக்குப் போடணும்மா. அது பெரிய வேலை. கொஞ்சம் லேட்டா அனுப்பினாலும் ஆள் ஒண்ணுமில்லாத இடத்திலிருந்து குதிச்ச மாதிரி வந்து நிப்பான்" என்றார். நம்ம டேங்க் சிக்னலுக்கு நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று எய்ம்பாட். பசங்க "ஹெட்ஷாட் ஹேக்" என்பார்கள். எதிரியின் தலை எங்கே இருக்கிறது என்ற எண் போனில் இருக்கிறதல்லவா? துப்பாக்கியை அந்த எண்ணுக்கு நேராக அந்தப் புரோகிராமே திருப்பிவிடும். நாம் சுடவேண்டும், அவ்வளவே. ஸ்பீட் ஹேக், பறக்கிற கார் எல்லாம் சர்வர் ஏமாந்தால்தான் நடக்கும். "ஒரு நொடியில் அரை கிலோமீட்டர் எப்படிடா ஓடினாய்?" என்று சர்வர் கேட்க ஆரம்பித்துவிட்டால் செல்லாது.

இந்தியாவில் நடந்த ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 2018 அக்டோபரில் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் ஆசிய அளவிலான கவுண்டர் ஸ்டிரைக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து ஆப்டிக் இந்தியா என்ற அணி போயிருந்தது. ஐந்து பேர். வியட்நாம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தபோது நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, நிகில் குமாவத் என்ற வீரரின் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார்கள். அவருக்கு விளையாட்டில் பெயர் ஃபார்சேகன். நடுவர்கள் பார்ப்பதற்குள் அவர் அவசர அவசரமாக எதையோ மூடப் பார்த்தார். உள்ளே இருந்தது எய்ம்பாட். அந்த ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? வேர்ட் டாட் இ.எக்ஸ்.இ.! நாம் லேபில் லீவ் லெட்டர் டைப் செய்கிற வேர்டு என்று நினைத்துக்கொள்வார்களாம். சுடுற போட்டிக்கு நடுவில் யாராவது லெட்டர் டைப் செய்வார்களா?

அவருக்கு 5 ஆண்டு தடை விதித்தார்கள். ஆனால் நான் இதில் யோசித்தது மற்ற நாலு பேரைத்தான். அணி போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது, ஆப்டிக் நிறுவனம் இந்திய அணியையே கலைத்துவிட்டது. ஒரு ஃபைலால் ஐந்து பேருக்கும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த நாலு பேரில் யார் நன்றாகச் சுட்டாலும் பார்க்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்? அந்த நாலு பேரை நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

ஹேக் செய்து விற்பதே பெரிய வியாபாரம். 2021-இல் சீனாவில் குன்ஷான் நகரப் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. கும்பலின் பெயர் "கோழிக்கால்"! அவர்களிடம் பறிமுதல் செய்த சொத்து மட்டும் சுமார் 4.6 கோடி டாலர். இதெல்லாம் யார் பணம்? ஹேக்கைக் காசு கொடுத்து வாங்கி ஆடியவர்களின் பணம். 2017-இல் ஃபோர்ட்நைட் கேமை நடத்துகிற எபிக் கம்பெனி, ஹேக் போட்டு வீடியோ வெளியிட்டதாக அமெரிக்காவில் ஒரு பையன் மேல் வழக்கே போட்டுவிட்டது. அவனுக்கு வயது 14. என் வயசு! அவன் அம்மா நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். "அவன் மைனர், கேம் ஒப்பந்தத்துக்குப் பெற்றோராகிய நான் சம்மதம் தரவில்லை" என்று வாதாடினார்.

நம் ஊரில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. இலவச "மோட்" ஃபைல்தான் கைமாறும். 2020 செப்டம்பரில் பப்ஜியையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தபோது, பிளே ஸ்டோரில் கிடைக்காததை வெளியிலிருந்து இறக்கும் பழக்கம் பசங்களிடம் பரவியது. பப்ஜிக்குப் பதில் வேறு பெயரில் கேம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் சித்தி பையன், பத்தாவது படிக்கிறான், அவனும் ஒரு மோட் ஃபைலைச் சித்தி போனில் போட்டான். போடும்போது அது மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது. திரையைப் பார்க்க அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று அழுத்திவிட்டான். சுடுற கேமுக்கு சித்தியின் மெசேஜ் எதற்கு? சித்தி போனுக்குத்தான் பால் பணம் வந்த மெசேஜும், குழு லோன் ஓடிபியும் வரும்.

நாலாம் நாள் ஐடி பேன் ஆகிவிட்டது. அதோடு போனில் தானாகவே விளம்பரம் வந்தது, யார் யாருக்கோ மெசேஜ் போனது. சித்தப்பா பயந்துபோய் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் ஆயா போன பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போட்டு நின்ற போட்டோ அதில்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. ஆயா சித்திரையில் இறந்துபோச்சு. சித்தி இன்னும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, என் வழக்குக்கு வருகிறேன்.

கண்ணால் பார்த்து விரல் அசைய மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதை 30 செ.மீ. ஸ்கேலால் கண்டுபிடிக்கலாம். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். மற்றவர் பூஜ்யத்துக்கு நேராக இரண்டு விரலைத் தொடாமல் வைக்கவேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்கவேண்டும். எத்தனை செ.மீ. விழுந்தது என்று பார்த்து, நாம் இயக்கப் பாடத்தில் படித்த கணக்கைப் போட்டால் நேரம் கிடைத்துவிடும். 20 செ.மீ. என்றால் ஏறக்குறைய 0.2 நொடி. எங்க வகுப்பில் பதினோரு பேர் செய்து பார்த்தோம். எனக்கு 17 செ.மீ., அதாவது 0.19 நொடி. ஒருத்திக்கு 24. ஒருத்தி ஸ்கேலைப் பிடிக்கவே இல்லை, அது பெஞ்சில் விழுந்து உடைந்துவிட்டது. கேமில் இதைவிட நேரம் ஆகும், ஏனென்றால் எதிரியா நம்மாளா என்று பார்த்து, குறியைத் திருப்பி, பிறகுதான் சுடவேண்டும். எய்ம்பாட்டுக்கு இந்த நேரமே கிடையாது. சட்டென்று தலைக்குத் தாவும், ஒவ்வொரு தடவையும் தாவும். ஹேக் பிடிக்கிறவர்கள் பார்க்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் சார் ஒன்று சொன்னார். "நீ 17 செ.மீ.ல பிடிச்சா உனக்குக் கை வேகம்னுதான் தெரியும். அன்னிக்கு நீ ஹேக் போடலைன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாதும்மா." வாஸ்தவம்தான். போட்டிருந்தால் ஃபைல் அகப்படும். போடாததை எதைக் காட்டி நிரூபிப்பது? அன்றைக்கு ஆட்டத்தை யாரும் ரெக்கார்டு செய்யவில்லை.

கவுண்டர் ஸ்டிரைக்கில் 2013-இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒருவர் மேல் புகார் வந்தால் அந்த ஆட்டத்தின் பதிவை அனுபவமுள்ள வேறு ஆட்டக்காரர்களுக்கு அனுப்பிவந்தார்கள். ஆடியவர் பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டார்கள். நம்ம விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுகிற மாதிரி. யார் பிள்ளை, எந்த ஊர், ஆணா பெண்ணா எதுவும் தெரியாமல், ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னார்கள். தண்ணி டேங்க் பக்கத்திலும் அன்றைக்கு என் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சுவருக்குப் பின்னால் இருந்தவன் வரப்போகிறான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் நடந்த காலடிச் சத்தம் கேட்டது. நான் ஹெட்போன் போட்டிருந்தேன், ஒரு காதுதான் வேலை செய்யும், அதில் கேட்டது.

புது ஸ்கேல் வாங்கி வகுப்பு லீடரிடம் கொடுத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு யார் வேண்டுமானாலும் வந்து பிடித்துப் பார்க்கலாம். எதிர் செட் அண்ணனுங்க மூணு பேரும் நம்ம ஸ்கூல்தான், அவங்களும் வரலாம். 12 செ.மீ.க்குள் பிடிக்கிறவங்க இருந்தால் பெயரை இந்தத் தாளின் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி