எத்தனை பேர் ஏறலாம்?

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, ஊருக்கு ஒருவராகப் பிரிந்துபோயின. பெரிய மகன் பெங்களூரில், சின்னவன் ஓசூரில், மகளைக் கொடுத்தது ஆம்பூரில், பெரியவர்கள் மட்டும் உரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ பழைய லைன் வீட்டில் என்று ஆகிவிட்டது. இப்படிப் பிரிந்த குடும்பம் ஒரு காதுகுத்துக்கோ, வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கோ, மேல்மருவத்தூருக்கோ சேர்ந்து கிளம்ப வேண்டுமென்றால் முதலில் நடப்பது வேன் பேசுவதுதான். ராபர்ட்சன்பேட்டையில் ஏறி, வழியில் இன்னும் இரண்டு இடங்களில் ஆளை ஏற்றிக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து போவதில் இருக்கும் நிறைவை எந்தக் காரும் தராது என்பதே என் எண்ணம்.

ஆனால் வேன் நல்லதா கெட்டதா என்று கேட்டால், இயற்பியல் ஒரே எதிர்க்கேள்விதான் கேட்கும்: உள்ளே எத்தனை பேர்?

எரிபொருளிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் அது 12 பேரைப் பத்து கிலோமீட்டர் கொண்டு போகிறது. ஆள் கணக்கில் 120. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் நான்கு பேர் போனால் 72தான். அதே பன்னிரண்டு பேருக்கு மூன்று கார் வேண்டும், மூன்று ஓட்டுநர் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிவரும் என்பதால், காற்றுக்கும் வேனே மேல். மறுநாள் அதே வேனை ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் கணக்கு 120இலிருந்து 10க்கு விழுந்துவிடும். தனியாக ஓட்டிப் போகும் பைக்கே அதைவிடப் பல மடங்கு சிக்கனம்.

நிரம்பிய வேன் இவ்வளவு மிச்சப்படுத்துவது எப்படி? நெடுஞ்சாலையில் எஞ்சினின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கே செலவாகிறது. காற்று எதிர்ப்பது வண்டியின் முகத்தை. மூன்று கார்களின் முகப்பரப்பைக் கூட்டினால் ஆறரைச் சதுர மீட்டர் வரும். ஒரு வேனுக்கு நான்கு சொச்சம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் முன்வரிசையே காற்றை விலக்கிக் கொடுக்கிறது. இருந்தாலும் அது பெட்டி வடிவம். 1947இல் டச்சு வியாபாரி பென் பொன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த ஒரு பெட்டிதான் ஃபோக்ஸ்வாகன் வேனாக 1950இல் உற்பத்திக்கு வந்தது. அதன் முதல் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது காற்றெதிர்ப்பு எண் 0.75, நெற்றியை உருட்டி வளைத்ததும் 0.44 ஆகக் குறைந்தது. முகத்தை மட்டும் திருத்தியதில் கிடைத்த லாபம் அது. வேகம் கூடினால் அந்த லாபமும் போய்விடும். காற்றை வெல்ல விநாடிக்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கில் ஏறுவதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேனை 100க்கு ஏற்றினால் விநாடிக்கு ஆகும் அந்தச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

இடம் மிச்சமாவதற்குக் காரணம் பானெட் இல்லாமை. காரின் நீளத்தில் கணிசமான பகுதி எஞ்சினுக்கும் டிக்கிக்கும் போய்விடும். 1984இல் வந்து 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி வேனில், அதாவது நம் ஆம்னியில், எஞ்சினை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். 3.4 மீட்டருக்கும் குறைவான நீளத்தில் எட்டு இருக்கை வரை போட முடிந்தது அதனால்தான். பள்ளிப் பிள்ளைகள், ஆம்புலன்ஸ், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று அது செய்யாத வேலையில்லை. அதற்கான விலையை முன்சீட்டில் இருப்பவரின் முழங்கால் தருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதும் வண்டியின் முன்பகுதி அறுபது சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 24 மடங்கு விசை விழும். இருபது சென்டிமீட்டர்தான் நசுங்க இடமுண்டு என்றால் அது 70 மடங்கு. பானெட் வெறும் அலங்காரம் அல்ல. நசுங்குவதற்கென்றே விடப்பட்ட இடம் அது. இந்தியாவில் மோதல் சோதனை விதிகள் இறுகியபோது ஆம்னி விடைபெற்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று பரவலாகக் காணும் டெம்போ டிராவலருக்குச் சிறிதாக ஒரு மூக்கு இருக்கிறது. 1987இல் மெர்சிடிஸ் வேனின் வடிவத்தைத் தழுவி புனேயைச் சேர்ந்த பஜாஜ் டெம்போ செய்யத் தொடங்கிய வண்டி அது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்.

மோதலைவிட என்னைக் கவலைப்படுத்துவது கவிழ்வது. இங்கேயும் ஆள் எண்ணிக்கையே பேசுகிறது. 2001இல் அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு பதினைந்து பேர் உட்காரும் வேன்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. வேறு வண்டியில் மோதாமல் தானாக விபத்துக்குள்ளான வேன்களில், பத்தும் அதற்கு மேலும் ஆள் இருந்தவை கவிழ்ந்த விகிதம், குறைந்த ஆட்களோடு போனவற்றைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆள் ஏற ஏற எடையின் மையம் மேலே போகிறது, பின்னாலும் நகர்கிறது.

எவ்வளவு மேலே? நாமே போட்டுப் பார்க்கலாம். காலி வேன் 2,500 கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60 கிலோவில், ஓட்டுநரோடு பதின்மூன்று பேர் ஏறுகிறார்கள். உட்கார்ந்த உடம்பின் மையம் தரையிலிருந்து சுமார் 120 சென்டிமீட்டர். எடை மையம் 89.5க்கு ஏறுகிறது. இப்போது மேலே கேரியரில் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்பு, பெட்டிகள் என்று 200 கிலோ கட்டுகிறோம். அது இருப்பது 260 சென்டிமீட்டர் உயரத்தில். எடை மையம் 99க்குப் போய்விடும். பதின்மூன்று மனிதர்கள் சேர்ந்து உயர்த்திய அளவுக்கு 200 கிலோ சாமான் தனியாக உயர்த்திவிட்டது! சக்கரங்களுக்கு இடையே 1.7 மீட்டர் அகலமென்றால், 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காலி வேன் சாயத் தொடங்கும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர்; இப்படி ஏற்றிய வேனுக்கு 57. ஸ்பிரிங் சாய்வதையும் டயர் நெளிவதையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் இறங்கும். ஓட்டுநருக்கோ கையில் இருப்பது நேற்று காலியாக ஓட்டிய அதே ஸ்டீயரிங்தான்.

இந்தக் கணக்கு தங்கவயல்காரர்களுக்கு ஏன் அவசரமானது என்பது ஊரைவிட்டு இறங்கும்போது தெரியும். தங்கவயல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர்; வேலூர் 220 சொச்சம். பெத்தமங்கலம், வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டுக்குப் போகிறவர்கள் அந்த இறக்கத்தில் ஒரு பெரிய பங்கை வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் கடக்கிறார்கள். மூன்றரை டன் வேன் அறுநூறு மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றலை மொத்தமாக ஓர் அடுப்பில் சேர்க்க முடிந்தால், அறுபத்தைந்து லிட்டர் தண்ணீரை, அதாவது ஆறு குடத்தை, கொதிக்க வைக்கலாம். அந்தச் சூட்டில் கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் எஞ்சினுக்குப் போகும், மீதி பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். வழக்கமான வகை ஒன்று புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. மிதித்த பெடல் மெத்தையில் போவதுபோல உள்ளே போய்விடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். சின்ன கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க, பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கிறது.

சுரங்கத்தில் இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வு ஒன்று இருந்தது. ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழியில் ஒரு கூண்டு இறங்கும்போது இன்னொன்று ஏறும். இறங்குகிற எடை வீணாகாமல் ஏறுகிறதைத் தூக்கிவிடும். எஞ்சின் வித்தியாசத்தை மட்டும் சமாளித்தால் போதும். கூண்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஷாஃப்ட் வாயிலில் எழுதி வைக்கச் சுரங்க விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பன்னிரண்டு சீட் வேனில் பதினேழு பேராக நெருக்கி உட்காருவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் நீங்கலாக ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை ஏற்றும் வாடகை வண்டியை மேக்ஸி கேப் என்கிறது. எண்ணிக்கை மீறினால் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம். தொகை சின்னது, அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை.

சுரங்கத்திலிருந்து இன்னொரு பாடமும் உண்டு: காற்று. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. மேலிருந்து ஓயாமல் காற்றை அனுப்பாவிட்டால் யாரும் வேலை செய்திருக்க முடியாது. ஏசி வேனில் வெளிக்காற்றை மூடிவிட்டு உள்காற்றையே சுழலவிட்டால் என்ன ஆகும்? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். பதின்மூன்று பேர், பத்தாயிரம் லிட்டர் காற்று. கொஞ்சமும் கசிவில்லாமல் மூடியிருந்தால் கால் மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு பத்து லட்சம் பங்குக்கு 5,000 பங்கைத் தாண்டிவிடும். வெளியே இருப்பது 420 சொச்சம்தான். நிஜத்தில் இடுக்குகள் வழியே காற்று நுழைவதால் அவ்வளவு போகாது. ஆனாலும் நள்ளிரவில் கிளம்பும் கோயில் பயணத்தில், கூட்டத்தோடு அதே காற்றைச் சுவாசித்து மந்தமாகிறவர்களில் ஓட்டுநரும் ஒருவர். வெளிக்காற்றுப் பொத்தானை அழுத்த ஒரு விநாடி போதும்.

வேனை விட்டுவிடச் சொல்லவில்லை. பதினாறு பேர் என்றால் பதினேழு சீட் வண்டியைப் பேசுங்கள். வாடகையில் வரும் வித்தியாசத்தைப் பதினாறாக வகுத்துப் பார்த்தால் பாரமாகத் தோன்றாது. அண்டாவும் அரிசியும் சீட்டுக்கு அடியிலோ கால்மாட்டிலோ போகட்டும், பாயும் தலையணையும் மட்டும் கேரியருக்கு. கிளம்புவதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள், முக்கியமாகப் பின்சக்கரங்களில். கூடுதல் ஆளின் எடை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. மழைக்காலம் முடிந்து முதல் தடவை மலை இறங்கப் போகிறது என்றால், பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடமாகிறது என்று ஓட்டுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.