ஆன்ஃபீல்டில் ஓர் இருக்கை என்ன விலை?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களை அந்த நாட்டுக்குள் ஒளிபரப்பும் உரிமை, 2025 முதல் 2029 வரையிலான நான்கு சீசன்களுக்கு 670 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு ஒளிபரப்பில் வரும் பணமும் அதற்குச் சளைத்ததல்ல. இவ்வளவு பணம் கொட்டும் கிளப்புகள்தான், முப்பது ஆண்டுகளாக ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ஓய்வூதியக்காரரிடம் அடுத்த சீசனுக்கு இன்னும் 40 பவுண்டு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கின்றன. அந்த 40 பவுண்டு வராவிட்டால் கிளப் நடக்காதா?

நடக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளப்பில் 30,000 பேர் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு 40 பவுண்டு ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 12 லட்சம் பவுண்டு. வாரம் 2 லட்சம் பவுண்டு வாங்கும் ஒரு நட்சத்திர வீரருக்கு அது ஆறு வாரச் சம்பளம். இதற்காகவா ஆயிரக்கணக்கானவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும்? அதனால்தான் இந்த விலை உயர்வை வெறும் வருமானக் கணக்காகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. கிளப்புகள் குறிவைப்பது அந்த இருக்கையை.

சீசன் டிக்கெட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில். மாதம் ஒருமுறை பணம் கட்டினால் போதும். தினமும் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் உட்கார இடம் கிடைக்கும் என்று ரயில்வே வாக்குக் கொடுப்பதில்லை. கால்பந்து சீசன் டிக்கெட்டில் கிடைப்பதே அந்த இடம்தான். பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள். பத்தொன்பதுக்கும் அதே கேலரி, அதே வரிசை, அதே எண். அடுத்த ஆண்டு புதுப்பித்துக்கொள்ளும் முதல் உரிமையும் உங்களுக்கே. புதுப்பிக்காமல் விட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பெரிய கிளப்புகளில் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே விலை பிடிக்காவிட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பிப்பார்கள். வேறு கடைக்குப் போக முடியாத வாடிக்கையாளர்கள் இவர்கள். லிவர்பூல் டிக்கெட் ஏறிவிட்டது என்பதற்காக எவரும் அதே ஊரின் எவர்டனுக்கு ரசிகராக மாறியதில்லை.

ஆனால் கிளப்பின் கணக்குப்பிள்ளைக்கு அதே இருக்கை வேறு மாதிரி தெரிகிறது. பத்தொன்பது ஆட்டங்களுக்கும் மொத்தமாக, தள்ளுபடி விலையில் பூட்டிக்கிடக்கும் சரக்கு அது. தனித்தனியாக விற்றால் பத்தொன்பது பேரிடம் விற்கலாம். ஆஸ்லோவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வாழ்நாளில் ஒருமுறை வருபவர், சாப்பாடும் மெத்தை இருக்கையும் சேர்ந்த விருந்தோம்பல் டிக்கெட்டுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுக்கத் தயங்குவதில்லை. போகும்போது கடையில் ஜெர்சி வாங்குவார், பிள்ளைகளுக்கும் வாங்குவார். நிரந்தர ரசிகரோ தன் கழுத்துத் துண்டை எப்போதோ வாங்கிவிட்டார். இடைவேளையில் ஒரு டீயோடு சரி.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் சமீபத்திய முடிவுகள் பலவும் புரியத் தொடங்கும். டாட்டன்ஹாம் 2024 மார்ச்சில் சீசன் டிக்கெட் விலையை 6 சதவீதம் ஏற்றியது. கோபம் அதைவிட அதிகமாக எழுந்தது இன்னொரு அறிவிப்பால்: 65 வயது கடந்தவர்களுக்கான சலுகையில் 2025-26 முதல் புதியவர்கள் சேர முடியாது. நாற்பது ஆண்டுகள் முழு விலை கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு சலுகை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில், சீசன் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை ஒரே விலையாக 66 பவுண்டுக்கு ஏற்றியது. அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்டிலும் சிறுவர்களுக்கு 25 பவுண்டிலும் தொடங்கிய டிக்கெட் அது. சிறுவர், முதியவர் சலுகை இரண்டும் போயிற்று. கிளப்பின் பங்குகளில் கால்வாசிக்கு மேல் அந்த ஆண்டுதான் வாங்கியிருந்த ஜிம் ராட்கிளிஃப், ஃபுல்ஹாம் ஆட்டத்தைப் பார்ப்பதைவிட யுனைடெட் ஆட்டத்தைப் பார்ப்பது மலிவாக இருப்பதில் அர்த்தமில்லை என்று ஒரு ரசிகர் இதழிடம் சொன்னார். ஃபுல்ஹாம், தேம்ஸ் நதியோரம் கட்டிய புதிய கேலரியில் சீசன் டிக்கெட்டை 3,000 பவுண்டு வரை கொண்டுபோன லண்டன் கிளப். பக்கத்து வீட்டுக்காரன் பகல் கொள்ளை அடித்தால் நானும் அடிக்கலாம் என்பது ஒரு வாதமா என்று மான்செஸ்டரில் கேட்டார்கள். 2025-26க்கு யுனைடெட்டின் சீசன் டிக்கெட்டும் 5 சதவீதம் ஏறியது.

கிளப்புகள் சொல்லும் காரணங்களை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மின்கட்டணம், பாதுகாப்புச் செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கின்றன. லீக்கில் 2025-26 வரை இருந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளில் அனுமதித்த வரம்புக்கு மேல் நஷ்டம் காட்டினால் புள்ளிகள் பறிபோகலாம். எவர்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் 2023-24 சீசனில் அந்த அடியை வாங்கியவை. ஆனால் பிரீமியர் லீக்கின் மொத்த வருமானத்தில் மைதான வாசலில் வருவது சுமார் ஏழில் ஒரு பங்குதான். செலவில் பெரும்பகுதி வீரர்களின் சம்பளம். கஜானாவில் ஓட்டை விழுந்த இடம் ஒன்று, அடைக்கப் பார்க்கும் இடம் வேறு.

இந்த விலையேற்றம் எப்போது தொடங்கியது என்று தேடினால் ஒரு துயரத்தில் போய் நிற்கும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த அறிக்கை, நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னது. அதே அறிக்கை, இருக்கை வந்தால் விலை எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் அப்போது உட்கார்ந்து பார்க்க 6 பவுண்டு, நின்று பார்க்க 4 பவுண்டு. அதையே எடுத்துக்காட்டாகக் காட்டினார் டெய்லர். கிளப்புகள் இருக்கை போடும் பரிந்துரையை ஏற்றுக்கொண்டன, விலையைப் பற்றிய வரிகளை மறந்துவிட்டன. 1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது, செயற்கைக்கோள் தொலைக்காட்சி பணத்தைக் கொண்டுவந்தது. ஆர்சனல் 2006-ல் 60,000 பேர் அமரும் புதிய அரங்குக்கு மாறியது. சில ஆண்டுகளில் அதன் மிக உயர்ந்த சீசன் டிக்கெட் 2,000 பவுண்டைத் தாண்டிவிட்டது.

எதிர்ப்பு மெல்லத்தான் திரண்டது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்துக்கு வந்த மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்டு. ஒதுக்கிய 3,000 டிக்கெட்டுகளில் 912 விற்காமல் திரும்பிப்போயின. ஆட்டம் முடிந்ததும் துணை நடுவர் ஒருவர் சிட்டி வீரர்களைப் பார்த்து, அங்கே 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது கேமராவில் பதிவானது. ரசிகர்கள் சங்கம் வைத்துச் சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இவ்வளவு பேசப்பட்டிருக்காது.

மூன்றாண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரியில் லிவர்பூல் புதிய விலைகளை அறிவித்தது. தன் மைதானமான ஆன்ஃபீல்டில் அப்போது விரிவாக்கப்பட்டுவந்த மெயின் ஸ்டாண்ட் கேலரியில் ஓர் ஆட்டத்துக்கான உச்ச விலை 59 பவுண்டிலிருந்து 77 ஆகும், சீசன் டிக்கெட்டின் உச்சம் 869-லிருந்து 1,029 ஆகும் என்றது. பல இருக்கைகளின் விலை ஏறவில்லை, சில குறையவும் செய்தன, 9 பவுண்டு டிக்கெட்டுகளும் சில இருந்தன. கிளப் இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. பிப்ரவரி 6, சனிக்கிழமை, சண்டர்லேண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2–0 என முன்னிலை. 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். மிச்சமிருந்த நிமிடங்களில் சண்டர்லேண்ட் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தை 2–2 என்று முடித்தது. ரசிகர்கள் போனதால்தான் கோல் விழுந்தது என்று நிரூபிக்க யாராலும் முடியாது. ஆனால் லிவர்பூலில் அப்படி நம்பாதவரைக் கண்டுபிடிப்பது கடினம். நான்கு நாளில் அமெரிக்க உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண்டு டிக்கெட் கைவிடப்பட்டது, 59-ம் 869-ம் அப்படியே இரண்டு சீசன்களுக்கு நிறுத்தப்பட்டன.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். அந்த ஆட்டம் பிரிட்டன் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு நடந்தது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது. சிறிய கிளப்புகளின் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் கட்டுப்பாடு. ஆக, இரவு எட்டரை மணிக்கு மதுரையில் வீட்டிலிருந்தபடி பார்க்க முடிகிற ஆட்டத்தை, ஆன்ஃபீல்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிப்பவர் டிக்கெட் வாங்க முடியாவிட்டால் பார்க்க முடியாது. மதுரைக்காரர் கட்டும் சந்தாவில் ஒரு துளி அந்தக் கிளப்புக்கும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆன்ஃபீல்டு வெளிநடப்பு நடந்து மூன்றாம் நாள், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் டார்ட்மண்ட் ரசிகர்கள் முதல் இருபது நிமிடம் கேலரிக்கே வராமல் இருந்து, பிறகு வந்து டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் மழையாகப் பொழிந்தார்கள். கோப்பை ஆட்டத்துக்கு 70 யூரோ வரை கேட்டதற்கு எதிர்ப்பு அது. ஜெர்மனியில் ரசிகர்களின் குரல் வலுவாக இருக்கக் காரணம் சட்டதிட்டத்திலேயே இருக்கிறது. ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் விலைப்பட்டியலை அவர் மட்டும் எழுத முடியாது. நின்று பார்க்கும் கேலரிகளையும் அவர்கள் லீக் ஆட்டங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். டார்ட்மண்டின் தெற்கு கேலரியில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கலாம். பேயர்ன் மியூனிக்கில் 17 லீக் ஆட்டங்களுக்கும் சேர்த்து, நின்று பார்க்கும் சீசன் டிக்கெட் 200 யூரோவுக்குள். அந்தக் கிளப்பை நெடுங்காலம் நடத்திய ஊலி ஹோனஸ், விலையை மூன்று மடங்கு ஆக்கினால் எங்களுக்குக் கிடைக்கும் தொகை ஒரு வீரரை வாங்கும் பேரத்தில் ஐந்து நிமிடம் வாதிடும் தொகைதான், ரசிகருக்கோ அது பெரிய பணம் என்ற பொருளில் ஒருமுறை பேசினார். தொலைக்காட்சியில் இங்கிலாந்தைவிட மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் லீக்கிலிருந்து வந்த பேச்சு இது. இதற்கு விலையும் உண்டு: நடுத்தர ஜெர்மன் கிளப்புகள் தங்கள் நல்ல வீரர்களை ஆண்டுதோறும் இங்கிலாந்திடம் இழக்கின்றன.

லிவர்பூலில் 2016-ல் ரசிகர்கள் பெற்ற வெற்றியும் நிரந்தரமாகிவிடவில்லை. 2023-24க்கும் 2024-25க்கும் தலா 2 சதவீதம் ஏற்றினார்கள். அதற்கு எதிர்ப்பாக, 2024 ஏப்ரலில் இத்தாலியின் அடலான்டாவுடனான ஐரோப்பிய ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டின் கோப் கேலரியில் ரசிகர்களின் கொடிகள் எதுவும் வரவில்லை. அன்று லிவர்பூல் 0–3 தோற்றது. 2025-26க்கு விலை ஏறவில்லை.

இப்போது அரசும் உள்ளே வந்திருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், கிளப்புகளைக் கண்காணிக்க ஒரு சுதந்திர அமைப்பை உருவாக்கியது. டிக்கெட் விலை பற்றி ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பேசிவிட்டு எவ்வளவு ஏற்றுவது என்பது கிளப்பின் விருப்பம்; விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்த அமைப்புக்குத் தரப்படவில்லை. ஆனால் விலைக்கு வரம்பு வைப்பது முடியாத காரியமல்ல. 2016-ல், ஆன்ஃபீல்டு வெளிநடப்புக்கு அடுத்த மாதம், எதிரணியோடு பயணம் செய்து வரும் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் விற்பதில்லை என்று 20 கிளப்புகளும் கூடி முடிவெடுத்தன. மூன்று சீசன்களுக்கு என்று தொடங்கிய வரம்பு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. அதனால் எந்தக் கிளப்பும் நொடித்துப்போகவில்லை. சொந்த ஊர் ரசிகருக்கு அப்படியொரு வரம்பு இதுவரை கிடையாது.