தொட்டால் காட்டும் திரை

கர்நாடகத்தில் நிலப் பதிவேட்டைப் 'பஹணி' என்பார்கள். முன்பு அது கிராமக் கணக்கரின் கையில் இருந்தது. அதைப் பார்க்க விவசாயி அலைய வேண்டும். 'பூமி' என்ற திட்டத்தில் பஹணிகள் கணிப்பொறியில் ஏறின. சில தாலுகா அலுவலகங்களில் தொடுதிரையும் வைத்தார்கள். விவசாயி விரலால் தொட்டார். தன் நிலத்தின் பதிவைத் தானே பார்த்தார்.

சாதாரண மேசைக் கணிப்பொறியையும் இப்படி மாற்றலாம். புதிதாக வாங்க வேண்டாம். தொடுசட்டம் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. கணிப்பொறித் திரையின் அளவுக்கு ஏற்றதை வாங்க வேண்டும். திரையின் முன்னால் பொருத்த வேண்டும். அதன் யுஎஸ்பி ஒயரைக் கணிப்பொறியில் செருக வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது? சட்டத்தின் ஒரு பக்கத்தில் சின்னஞ்சிறு விளக்குகள் உள்ளன. அவற்றின் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. எதிர்ப் பக்கத்தில் அந்த ஒளியை உணரும் கருவிகள் உள்ளன. மேலிருந்து கீழாகவும் இப்படியே ஒளி பாய்கிறது. விரல் வைத்தால் இரண்டு ஒளியும் மறைகின்றன. மறைந்த இடம் எது என்று கணிப்பொறி கண்டுகொள்கிறது. சட்டத்தில் தூசி படிந்தாலும் ஒளி மறையும். ஆகவே அடிக்கடி துடைக்க வேண்டும்.

திரையைத் தொட விரல் போதும். அதில் இருப்பது நம் பெயர்தானா, நம் நிலத்தின் அளவுதானா? அதைச் சரிபார்க்கப் படிக்கத் தெரிய வேண்டும்.